காதர் பாய் கவிழ்த்துக் காட்டிய சுங்கான்

டாலிகஞ்ச் காதர் பாய் ஞாயிற்றுக்கிழமை விடிகாலைத் தொழுகையை முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடியே இறந்துபோனார். தொலைபேசியில் இதை எனக்குச் சொன்னவர் அவருடைய மகள் ஜமீலா. அழுது முடித்திருந்த குரல்.

“வாப்பா மௌத்தாயிட்டாங்க சாச்சா. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வந்துருங்க.” பிறகு தொடர்ந்தார். “இன்னொரு விஷயம். சென்னையிலருந்து வாப்பா பேருக்கு ஒரு பார்சல் கப்பல்ல ஏறிடுச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. சின்ன டப்பாவாம். கேட்டா உங்களுக்குத் தெரியும்னு வாப்பா முன்னாடியே சொல்லி வெச்சிருக்காங்க.”

தெரியும். அந்த டப்பாவுக்குள் இருப்பது ஒரு சுங்கானின் தலை. புகை பிடிக்கும் சுங்கானைச் சிலர் பைப் என்பார்கள். அதற்காகக் காதர் பாய் இரண்டு வருடங்கள் காத்திருந்தார்.

அவருடைய கடையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தீவை விட்டு மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் கட்டிலையும் பீரோவையும் கப்பலில் ஏற்றுவதில்லை. இங்கேயே விற்றுவிட்டுப் போவார்கள். புதிதாக வந்து இறங்குகிறவர்கள் அவற்றையே வாங்குவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது டாலிகஞ்சில் இருந்த அவருடைய பழைய சாமான் கடை. நான் பத்திரிகைக்கு எழுதும் மேசையும் அங்கே வாங்கியதுதான். அதன் இழுப்பறைக்குள் யாரோ ஒரு குழந்தை வங்காள எழுத்தில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறது. அதை இழைத்துத் தரட்டுமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். சந்தோஷப்பட்டார்.

“சாமானெல்லாம் இங்கயேதான் இருக்கு தம்பி. மனுசங்கதான் டிரான்ஸ்பர்ல போய்ட்டு வர்றாங்க” என்பார்.

கடையின் பின்பக்கம் ஒரு மர அலமாரி இருந்தது. உள்ளே இரவும் பகலும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். நம் தீவுகளில் மழை வந்தால் மாதக்கணக்கில் நிற்காது. தோல், துணி, கேமரா, கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் பூசணம் பூக்கும். அதனால் பல வீடுகளில் இப்படி ஒரு பல்பு அலமாரி உண்டு. பாயின் அலமாரி தெருவுக்கே பொது. மழைக்காலத்தில் மின்சாரம் போய்த் திரும்பும்போது அந்தக் கடையில் முதலில் தெரிவது அலமாரிக் கதவின் இடுக்கில் நிற்கும் மஞ்சள் கோடுதான். அதற்குள் யார் யாருடைய சாமான்களோ உலர்ந்துகொண்டு தூங்கும்.

அந்தச் சுங்கான் அவர் கைக்கு வந்தது பெரார்கஞ்சில். ஒரு மழைக்காலத்தில் பழைய தையல் மிஷின் ஒன்றைப் பார்ப்பதற்காகப் பாக்கியம் அம்மாளின் வீட்டுக்குப் போனார். அந்தப் பக்கத்துப் பாக்குத் தோட்டங்களைப் பற்றி எழுத வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். பாக்கியம் அம்மாள் இலங்கையின் தேயிலை மலையில் பிறந்தவர். கணவர் ராமையாவோடு தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, பிறகு மகனோடு பெரார்கஞ்சில் குடியேறியவர். ராமையா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

மிஷினைப் பார்த்து முடித்ததும் அந்த அம்மாள் உள்ளே போய், துண்டில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். சுரைக்குடுக்கையால் செய்த சுங்கான். யானைத் துதிக்கை போல வளைந்திருந்தது. அகன்ற வாயில் வெள்ளைக் கிண்ணம் போல ஒரு தலை பொருத்தியிருந்தது. புகையிலையை அடைப்பது அதில்தான்.

“எங்க ஆளு தொரை பங்களாவுல தோட்டவேலை பாத்தவரு. கப்பலேற முன்ன தொரை கூப்புட்டு இத கையில குடுத்தாராம். இந்த வெள்ளை கடல் நுரைக் கல்லுன்னு சொன்னாராம்.”

திண்ணையில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்த மகன் முருகேசு சிரித்தான். “பாய், நீங்களும் எங்கப்பா கதையில விழுந்துறாதீங்க. அது மேளாவுல வாங்குன நக்லி, போலி. சுண்ணாம்பு.”

“நீ வாய மூடுடா. நீ பொறக்க முந்தியே இது வீட்டுல இருந்துச்சு.”

“அப்ப பழைய நக்லி.”

பாக்கியம் அம்மாள் அவனைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துச் சொன்னார். “நெசமா இருந்தா அவரு படத்துக்குப் பக்கத்துல வெப்பேன். பொய்யின்னா நீங்க எடுத்துட்டுப் போங்க. குடுக்குறதக் குடுங்க. ஆனா பாத்துட்டுச் சொல்லணும். எனக்காகச் சொல்லக் கூடாது.”

வெளியே வந்ததும் பாய் தலையைச் சொறிந்துகொண்டார். “அஸ்லின்னா விக்க மாட்டாங்களாம். நக்லின்னா என்கிட்டருந்து எவனும் வாங்க மாட்டான். என்ன வியாபாரம் தம்பி இது?”

ஆனால் பார்த்துச் சொல்வதாகச் சுங்கானை வாங்கிக்கொண்டுதான் வந்தார். அவர் அதைப் பார்த்த விதத்தை நான் கடையில் உட்கார்ந்து கவனித்தேன். முதலில் முகர்ந்தார். பழைய புகையிலையின் வாசனை மிக லேசாகத்தான் இருந்தது. தலையைத் திருகி எடுத்துவிட்டு, குடுக்கைக்குள் டார்ச் அடித்து வெளியே வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். கசியவில்லை. விரிசல் இல்லை. வளைவை விரலால் தடவினார். குடுக்கையின் நரம்புகள் வளைவோடு சேர்ந்தே ஓடின. காய் கொடியில் இருக்கும்போதே பலகை வைத்து வளைத்திருக்கிறார்கள், பிறகு வெட்டி ஒட்டவில்லை என்றார். வாய் வைக்கும் முனையில் பல் தடம் அதிகமில்லை. தலை உட்காரும் இடத்தில் தக்கை வளையம் ஒன்று இருந்தது. அதுவும் பழையது.

குடுக்கை அசல். தலையில்தான் தடுமாறினார். கடல் நுரைக் கல் என்பது துருக்கிப் பக்கம் மண்ணுக்குள் கிடைக்கும் வெண்கல்லாம். புகை குடித்துக் குடித்துத் தேன் நிறத்துக்கு மாறுமாம், கையில் எடுத்தால் காற்றைப் போல இருக்குமாம். இந்தத் தலை வெளுத்தே இருந்தது. கையில் கனத்தது, சில்லென்று இருந்தது.

“சுண்ணாம்புன்னுதான் தோணுது” என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

“உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியில்லையா?”

“இருக்கு. காஞ்ச கல்லா இருந்தா தண்ணியில மெதக்கும். சுண்ணாம்புன்னா முழுகும். ஆனா செத்துப்போன மனுசன் வாய் வெச்ச சாமான். அவரு பீவி நம்பிக் குடுத்தது. அதத் தண்ணியில தூக்கிப் போட்டுப் பாக்கவா? ஊறிட்டா கல்லே கெட்டுடும். வேணாம்.”

வடக்கே ரங்கத் என்ற ஊரில் ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுக்கப் பைப் பிடித்தவர். மழை விட்டதும் அவரிடம் காட்டலாம் என்று முடிவு செய்தார். அதுவரை பூசணம் பிடிக்கக் கூடாதென்று சுங்கானைப் பல்பு அலமாரிக்குள் வைத்தார். தீவுக்காரர் வேறெதைச் செய்வார்?

மழை முடிந்தது. ரங்கத்தில் எனக்கு ஒரு குடிநீர்ச் செய்தி இருந்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் கிளம்பினோம். காட்டுச் சாலையைக் கடந்தோம். மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறையில் இறங்கி, பாராடாங் போகும் படகில் ஏறியபோது பாய் சொன்னார். “கேப்டனும் சுண்ணாம்புன்னு சொல்லிட்டா அந்தம்மாகிட்ட எப்படித் தம்பி போய் நிப்பேன்? நாப்பது வருசம் குடும்பம் நடத்துன புருசன் சொன்னது பொய்யின்னு, சாமான் வாங்கப் போன நான் சொல்லணும்.”

பையில் வைத்தால் நசுங்கும் என்று சுங்கானைக் கையிலேயே வைத்திருந்தார். படகுக்காரப் பையன் ஒருவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கத்தினான். “ஏ சாச்சா! ஸ்மோக்கிங் மனா ஹை! புஜாவோ!” புகைக்கக் கூடாது, அணை என்கிறான்.

“அரே பேட்டா, இதுல நெருப்பும் இல்ல, தம்பாக்கும் இல்ல. காலி ஹை. பார்!”

காலி என்று காட்ட, படகின் தடுப்புக் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் கவிழ்த்தார். வெள்ளைத் தலை கழன்று விழுந்தது.

பல்பு அலமாரியின் சூட்டில் தக்கை சுருங்கிப்போயிருந்தது. எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. தண்ணீரில் பெரிய சத்தம்கூடக் கேட்கவில்லை. பாய் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் மெல்ல மாறியது.

“தம்பி,” என்றார். “மெதக்குது.”

மிதந்தது. பச்சைத் தண்ணீரில் வெள்ளைக் காளான் போல ஒருக்களித்து, ஒருமுறை சுழன்று, படகின் அலையில் ஏறி இறங்கியது. மழைக்கால ஈரத்தைக் குடித்து அவர் கையில் கனத்த கல், அலமாரிச் சூட்டில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இலேசாகியிருந்தது.

“குதிச்சு எடுக்கட்டுமா சாச்சா?” என்றான் பையன்.

“தேவையில்ல பேட்டா. மகர்மச் இருக்கு.” முதலையைச் சொன்னார். கண்ணை எடுக்காமல் சொன்னார். நீரோட்டம் அதை அலையாத்தி மரங்களின் பக்கம் கொண்டுபோனது. மரங்களின் நிழல் விழுந்த இடத்தில் அது நீலமாகத் தெரிந்தது. பிறகு வெயிலில் வெள்ளையாக ஒருமுறை. பிறகு வேர்களுக்கிடையில் போய்விட்டது. சுற்றுலாப் பயணிகள் ஏதோ பறவை என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

பாராடாங் ஜெட்டியின் டீக்கடையில் திரும்பும் வண்டிக்காக வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். நான் ரங்கத் போகவில்லை. குடிநீர்ச் செய்தி இன்னொரு நாள் எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றியது. வெயிலில் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. டீ ஆறியது. பாய் வெறும் குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு நடுநடுவே சிரித்தார். “நான் தப்பு, தம்பி. மெதந்துச்சு. நான் தப்பு.”

மறுநாளே பெரார்கஞ்ச் போனோம். பாய் எதையும் மறைக்கவில்லை. தான் சுண்ணாம்பு என்று நினைத்தது, அலமாரியில் வைத்தது, கவிழ்த்தது, விழுந்தது, மிதந்தது என்று வரிசையாகச் சொன்னார். “அவரு சொன்னது நெசம் தாயி. தப்பா நெனச்சது நான். தொலைச்சதும் நான்தான்.”

முருகேசு எழுந்து வந்தான். “தொலைச்சுட்டு வந்து அஸ்லிங்கறீங்களே, யாரு சாட்சி?”

பாய் என்னைக் காட்டினார். “இவரு. பத்திரிகைக்காரரு.”

“பத்திரிகைக்காரரா? சுத்தம்!”

பாக்கியம் அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க பாத்தீங்களாய்யா?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். எப்படிப் போனது என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சுழன்றதையும், நிழலில் நீலமாகத் தெரிந்ததையும், வேர்களுக்கிடையில் போனதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“அந்தத் தண்ணி கடலுக்குத்தான போவும்?”

“ஆமாம்மா.”

“தீவாளிக்கு மட்டுந்தான் பத்த வெப்பாரு. தேஞ்சிரும்னு பயம்.” தலை ஏன் வெளுத்தே இருந்தது என்பதற்கான விளக்கம் அப்போதுதான் எங்களுக்குக் கிடைத்தது. அவர் மகனைப் பார்த்தார். “ஒங்கப்பா பொய் சொல்லலடா.” முருகேசு குடுக்கையை வாங்கித் துடைத்து, அவனே கொண்டுபோய்ப் படத்தின் பக்கத்தில் வைத்தான். திறந்திருந்த வாயில் பாக்கியம் அம்மாள் ஒரு செம்பருத்தியைச் செருகினார்.

“அதுக்குத் தலை நான் கொண்டு வருவேன் தாயி” என்றார் பாய். யாரும் கேட்கவில்லை. தானாகச் சொன்னார்.

அதன் பிறகு மெயின்லேண்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு தலை தேடச் சொல்லிவிட்டார். குடுக்கை வாயின் சுற்றளவை நூலில் பிடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சென்னையில் பழைய பைப்புகளைச் சரிசெய்யும் ஒருவரிடம் ஒரு கடல் நுரைத் தலை இருப்பதாகச் சென்ற மாதம் தகவல் வந்தது. நூலை உறையில் போட்டு அனுப்பினார். “காய வெச்சு, மெதக்க விட்டுப் பாத்துட்டு அனுப்புங்க” என்று போனில் அவர் கத்தியதைத் தெருவே கேட்டது.

காதர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மேசையை அல்ல. நாற்பது வருடத் தொழிலில் எத்தனையோ பேர் தங்கள் கணிப்பு சரியானபோது மகிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தன் கணிப்பு தவறியதற்காக ஒரு மனிதர் அப்படிப் பிரகாசித்ததை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். பாராடாங் படகில், வெறுங்குடுக்கையோடு நின்ற அந்த முகத்தை வைத்துக்கொள்கிறேன்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது கடை சாத்தியிருந்தது. பலகை இடுக்கில் அலமாரியின் மஞ்சள் கோடு தெரிந்தது. மற்றவர்களின் சாமான் உள்ளே இருக்கிறது, அணைக்கவில்லை என்றார் ஜமீலா. பாக்கியம் அம்மாளுக்கு நான்தான் போன் செய்தேன். எப்படிப் போனார் என்று கேட்டார், சொன்னேன்; பார்சல் வருவதையும் சொன்னேன். பிறகு, தலை வந்தால் செம்பருத்தியை எடுக்க வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டார்.

கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பிவிட்டது. கடல் அமைதியாக இருந்தால் வியாழக்கிழமை காலை துறைக்கு வரும். பார்சலை வாங்கிக்கொண்டு நானும் ஜமீலாவும் பெரார்கஞ்ச் போகிறோம். முருகேசு வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். நூலில் பிடித்த அளவு சரிதானா, தலை குடுக்கையில் உட்காருமா என்பது இன்னும் தெரியவில்லை. வியாழக்கிழமை தெரியும். அதுவரை பூ இருக்கட்டும் என்றார் பாக்கியம் அம்மாள்.