வாழைக்குலை அறையில் ஒரு தவக்காலம்

யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கிய வருஷம் நாங்கள் குருநகரை விட்டு நீர்வேலிக்குப் போனோம். நாங்கள் என்றால் நானும் இவரும்தான். இவர் என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. மகள்மார் இருவரும் மன்னாரில் கல்யாணம் கட்டியிருந்தார்கள், அங்கே போகப் பாதை இல்லை. கரையில் வலை காயவிட்டிருந்த இடத்தில் ஷெல் விழுந்து, ஒரு துண்டு இவருடைய வலது குதிக்காலைக் கிழித்துவிட்டது. சைக்கிள் கரியரில் இவரை இருத்தி, கிழிந்த காலைச் சாறத்தால் சுற்றிக் கட்டி, நான் உருட்டிக்கொண்டு நடந்தேன். கொண்டுபோனவை இரண்டு பை உடுப்பு, ஒரு மண்சட்டி, இருதய ஆண்டவர் படம்.

முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பில் எத்தனை குடும்பம் என்று எனக்கு நினைவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் இவருடைய காலைத் தாண்டித்தான் போவார்கள். இவருக்குச் சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவு, இருந்தது. காயத்தில் மண் பட்டுச் சீழ் பிடித்துவிட்டது. மருந்து கட்டிய நேர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மா, இப்பிடித் தரையிலை கிடந்தா காலை எடுக்கவேண்டித்தான் வரும். எங்கையாவது ஒரு அறை பாருங்கோ."

எங்கே பார்க்க? நீர்வேலியில் எனக்கு ஒருவரையும் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஆட்களுக்கு முன்னால் நின்றால் முதல் சொல் வரும், இரண்டாவது சொல் தொண்டையில் நின்றுவிடும். கட்டின நாள் முதல் எனக்கும் சேர்த்து இவர்தான் கதைப்பார்.

வாழைத்தோட்டக்காரர் ஒருவர் சனத்துக்குப் பழம் கொடுக்க வந்தவர், இவருடைய காலைக் கண்டார். "வெட்டுற குலையளை வைக்கிற அறை ஒண்டு வீட்டுக்குப் பின்னாலை கிடக்கு. சீமெந்துத் தரை. வேணுமெண்டா வந்திருங்கோ" என்றார். அப்படித்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. சுவரெல்லாம் வாழைப்பாலின் கயர் பிடித்துக் கறுத்திருந்தது. தோட்டக்கார ஐயா ஒரு பழைய கட்டிலும் தந்தார். குலை வெட்டும் கத்தி கொழுவியிருந்த ஆணியில் இருதய ஆண்டவரைக் கொழுவினேன்.

ஐயாவின் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிட்டேன், அவருக்கும் எனக்கும் வயது ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும். முதல் நாளில் கிணற்றடிக்குப் போனபோது அம்மா தானே அள்ளி என் வாளியில் ஊற்றினார். ஏன் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. மூன்று மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு காலையில், "எனக்கு அடுப்பிலை வேலை கிடக்கு. நீரே அள்ளும்" என்று சொல்லிக் கயிற்றை விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து நானே அள்ளினேன். ஐயாவின் தமக்கையும் அதே வளவில்தான் இருந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் கதைக்கும் கதையெல்லாம் என் காதில் விழும்படியாகத்தான் இருக்கும்.

கடலை விட்டு வந்ததுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. எங்கள் கரையில் பெண்களுக்குத் தெரிந்த நம்பிக்கை ஒன்றுதான். தோணி போய்விட்டால் நாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது. செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் இருப்போம். கொஞ்சம் பிந்தினாலும் இருப்போம். எண்பத்து மூன்றுக்குப் பிறகு கடலுக்குப் போகத் தடை, போனால் நேவியின் சூடு என்று ஆனபோதும் அப்படித்தான் இருந்தோம். தோணி வரும். இயேசுவை நம்புவது என்றால் காத்திருப்பது என்றுதான் என் கை கால் எல்லாம் பழகியிருந்தது. இப்போது தோணியும் இல்லை, கரையும் இல்லை. வாழைமரங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு எதைப் பார்த்துக் காத்திருப்பது?

மாதங்கள் போய்த் தவக்காலம் வந்தது. புண் மூடுவதும் திறப்பதுமாக இருந்து, அப்போதுதான் ஓரம் சிவந்து சதை வைக்கத் தொடங்கியிருந்தது. "இன்னும் ரெண்டு மாசம் கால் நிலத்திலை படக்கூடாது. ஈரமும் படக்கூடாது" என்று நேர்ஸ் சொல்லியிருந்தார்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் இடம்பெயர்ந்து பருத்தித்துறைப் பக்கம் இருந்தார். அங்கிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்பார். ஒரு காலையில் எங்களைத் தேடி வந்து, நல்ல விளைமீன் ஒன்றைக் கையில் தந்துவிட்டுப் போனார். பல மாதத்துக்குப் பிறகு செவுள் சிவந்த மீனைக் கண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மீனை மணந்து பார்த்து அழுதேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல மீன் பட்டால், விற்பதற்கு முதல், நன்மை செய்தவர்களுக்குக் 'கறிக்கு' என்று ஒரு பங்கு போகவேண்டும். போகாவிட்டால் மீன் தொண்டையால் இறங்காது. எங்களுக்கு நன்மை செய்தவர் யார்? அம்மாதான். பச்சை மீனாகக் கொடுத்தால் அவருக்கு வெட்டிக் கழுவும் வேலை. அதனால் நானே வெந்தயம் போட்டு, பழப்புளி கரைத்து, முதற்பால் விட்டுக் காய்ச்சி, மண்சட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனேன். அம்மா அடுக்களையில் அடுப்போடு நின்றார். "கறி அம்மா" என்று சொல்லி வாசலில் வைத்துவிட்டு, கூச்சத்தில் திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

தெரியாமல் செய்தேன் என்றால் பொய். சைவ ஆட்கள் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடமாட்டார்கள் என்று தெரியாத ஆள் யாழ்ப்பாணத்தில் உண்டா? சந்தையில் அன்றைக்கு மீன் மலிந்து கிடக்கும் என்று இவரே எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்குள்ளே இருந்த வெள்ளிக்கிழமை வேறு. தவக்கால வெள்ளி என்றால் எங்களுக்கு இறைச்சி ஆகாது. ஒருநேரம் மட்டும் சோறு, அதற்கு மீன். அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, நல்ல நாளில் நல்ல சாப்பாடு கொண்டுபோகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அம்மாவும் அன்று விரதம். மரக்கறியாக்கும் என்று நினைத்து, சட்டியைத் திறக்காமலே எடுத்துப் படையல் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பிறகு மூடியைத் திறந்தாராம்.

தமக்கையின் சத்தம்தான் முதலில் கேட்டது. "கரையாலை வந்ததுகளை வளவுக்கை விட்டா சாமிக்கும் மீன்கறிதான். உதுகளுக்கு வெள்ளி தெரியுமோ, செவ்வாய் தெரியுமோ? கிணத்துக் கயித்தைக் குடுத்த அண்டைக்கே நான் சொன்னனான்."

சோறு, கறி எல்லாம் கொட்டுப்பட்டன. அடுக்களை கழுவுகிற தண்ணீர் வாய்க்காலால் எங்கள் அறை வாசல் வரை ஓடி வந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

பின்னேரம் ஐயா வந்தார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. காலைப் பார்த்தார், புண் எப்படி என்று கேட்டார். போகும்போது, "வாற கிழமை குலை வெட்டுறம். அறை தேவைப்படும் போலை கிடக்கு" என்றார்.

"ஓம் ஐயா" என்றார் இவர்.

ஐயா போனபிறகு நான் நடந்ததைச் சொன்னேன். இவர் கூரையைப் பார்த்தார். "மீனாலை வாழ்ந்தம். மீனாலை வெளியிலை போறம். சரிதானே" என்றார். என்னை ஏசியிருந்தால் பரவாயில்லை.

பள்ளிக்கூடத்துத் தரை என் கண்ணுக்குள் வந்து நின்றது. கால் போய்விடும். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றும் மறுநாட் காலையும் நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து, ஆண்டவரே அவர்களுடைய மனதை மாற்றும் என்று கேட்டேன். பிறகு வாசலைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. திரும்பவும் செபமாலை சொன்னேன். மத்தியானம் இவர் கேட்டார்:

"இஞ்சை பார், ஆண்டவர் இறங்கி வந்து அந்த மனுசியோடை கதைப்பாரெண்டோ இருக்கிறாய்?"

நான் செபமாலையின் அடுத்த மணியை உருட்டினேன்.

"சரி, நான் போய்க் கதைக்கிறன்" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். வலது கால் நிலத்தில் பட்டதும் கட்டுத்துணியில் சிவப்பு ஊறியது. நான் ஓடிப்போய்ப் பிடித்து இருத்தினேன். அப்போதுதான் எனக்கு ஒரு சங்கதி விளங்கியது. இவ்வளவு காலமும் நான் கரையில் இருந்து செபம் சொல்ல, தோணியில் போனது இவர். இப்போது போகவேண்டியது நான்.

படத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஆண்டவரே, எனக்குக் கதைக்கத் தெரியாது. நான் நடக்கிறன். மிச்சத்தை நீர் பாரும்."

அம்மா பின்விறாந்தையில் பூ எடுக்க வாழைப்பொத்தி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தமக்கை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுளகை நிறுத்தினார்.

"இண்டைக்கு என்ன கொண்டந்தனீர்? நண்டோ?"

என் கையில் ஒன்றுமில்லை. "அம்மா" என்றேன். அடுத்த சொல் வரவில்லை. முன்பெல்லாம் என்றால் அந்த இடத்திலேயே திரும்பியிருப்பேன். அன்று திரும்ப இடமில்லை.

"அம்மா, தவக்காலம். நானும் ஒருநேரம்தான் சாப்பிட்டனான். எங்களுக்கு வெள்ளியிலை இறைச்சி ஆகாது." இன்னும் ஏதோ சொல்லவேண்டும் போல் இருந்தது. "எங்களுக்கு மீன் எண்டா மரக்கறி மாதிரி அம்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. தமக்கை வாயைத் திறந்தார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"மீன் மரக்கறியோ?"

"ஓம் அம்மா."

"அப்ப சுறா?"

"அதும்தான் அம்மா."

"இறால்?"

"ஓம்."

அம்மா பொத்தியை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஒருநேரம் சாப்பிடுறனீர் எண்டீர். ஆருக்காக?"

"இயேசுவுக்காக. பிறகு இவரின்ரை காலுக்காக."

"நான் மகனுக்காக" என்றார் அம்மா. "ஜேர்மனிக்கெண்டு வெளிக்கிட்டவன். மொஸ்கோவிலை நிக்கிறன் எண்டு எழுதினதுதான் கடைசி. ஏழு மாசமாச்சு."

அந்த வளவில் இவ்வளவு காலம் இருந்தும் அது எனக்குத் தெரியாது. தமக்கை சுளகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மடை கறியைக் கொட்டிப்போட்டன்" என்றார் அம்மா. "நல்ல வாசமாத்தான் கிடந்தது."

"பிழை என்ரைதான் அம்மா."

"போய் மனுசனைப் பாரும். எங்கடை அவரோடை நான் கதைக்கிறன். குலை விறாந்தையிலை கிடக்கட்டும்."

"மழை வந்தா?" என்றார் தமக்கை.

"குலை நனைஞ்சாத் துடைக்கலாம் மச்சாள். அந்த மனுசன்ரை கால் நனையக்கூடாது."

அறைக்கு வந்தேன். இவர் கட்டில் ஓரத்தில் கை ஊன்றி இருந்தார். "என்ன சொன்னவ?"

"இருக்கட்டாம்."

"நீ என்ன சொன்னனி?"

"மீன் மரக்கறி எண்டு சொன்னனான்."

இவர் என்னைப் பார்த்தார். "நாப்பது வருசம் கடலுக்குப் போனனான். எனக்கு ஒருத்தரும் உதைச் சொல்லேல்லையே" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை. காலுக்கடியில் தலையணையைச் சரிபார்த்து வைத்தேன்.

இயேசு என் வாயில் நல்ல சொல்லை வைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். வைத்திருந்தால் அதைவிட நல்லதாக இருந்திருக்கும். வந்த நாள் முதல் நான் கேட்டது குருநகருக்குத் திரும்பிப் போக. அவர் காட்டியது அறை வாசலிலிருந்து பின்விறாந்தை வரைக்கும் உள்ள வழி. அதை நடக்கும்போது அவர் பக்கத்தில் இருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் நான் நடந்திருக்க மாட்டேன்.

அடுத்த வெள்ளி முதல் அம்மாவின் மகனுக்காகவும் சேர்த்து ஒருநேரம் இருந்தேன். ஒருநாள் கிணற்றடியில் அம்மா கேட்டார்: "உங்கடை ஆண்டவர் என்ரை பிள்ளையைப் பாப்பாரோ?"

"பாப்பார் அம்மா. கடிதம் வருமோ எண்டு எனக்குத் தெரியாது. ஆனாப் பாப்பார்."

அம்மா தலையாட்டினார். தவக்காலம் முடியும் வரை கடிதம் வரவில்லை. நாங்கள் இருவரும் வெள்ளிக்கிழமையை விடவுமில்லை.

குருத்தோலைக் கிழமை திரும்பவும் குலை வெட்டினார்கள். விறாந்தை நிறையக் குலை. பங்குனியில் மழை வராது என்று எல்லோரும் இருந்தோம். மத்தியானம் வானம் இருண்டு கொட்டியது. சாரல் நேராக விறாந்தைக்குள் அடித்தது. அம்மா ஒரு குலையைத் தூக்க, நான் ஒன்றைத் தூக்க, தமக்கை சாக்கைத் தேடி ஓடினார். உள்ளேயிருந்து இவர் கூப்பிட்டார்:

"அம்மா, உள்ளுக்கை கொண்டாங்கோ. இஞ்சை இடம் கிடக்கு."

கொண்டுபோய் அடுக்கினோம். கட்டிலுக்குக் கீழே, சுவர் ஓரமெல்லாம், கடைசியில் இவருடைய கட்டிலிலும் இரண்டு பக்கமும். நடுவில் இவர் கட்டுப் போட்ட காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துக்கொண்டு, அசையாமல் கிடந்தார். கட்டுத்துணி வெள்ளையாக, காய்ந்தபடி இருந்தது. தமக்கை கடைசிக் குலையை அவருடைய இடுப்போடு சாத்தி வைத்துவிட்டு, ஈரத் தலையைத் துடைத்தபடி பார்த்தார்.

"ஆடாமல் கிடவும்" என்றார். "பழுத்தாப்பிறகு எல்லாத்தையும் சேர்த்து எடுக்கிறம்."