பாபநாசத்தின் வெள்ளைப் பல்

டவுண் ரத வீதி ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிறவன் பாபநாசம். அப்பன் காலத்திலேயே விற்றுத் தின்ற வயலை இன்னும் "எங்க வயல்" என்பான். வெற்றிலையும் புகையிலையும் அடக்கி அடக்கி, பல்லெல்லாம் துருப்பிடித்த ஆணி மாதிரி ஆகிவிட்டது. தொண்ணூற்று மூன்றில் ஒரு பெண் அந்தப் பல்லைப் பார்த்தே வேண்டாம் என்றாள். பிழைத்தாள்.

மறுவருடம் பேட்டையில் பிரம்மநாயகி என்று ஒரு டீச்சர். நாற்பதை நெருங்கியவனுக்கு இதை விட்டால் வேறு பெண் கிடையாது என்று தரகர் சொல்லிவிட்டார். உடனே இவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சில் ஏதோ திராவகத்தைத் தொட்டுக் கறை எடுப்பவனிடம் போய் வாயைப் பிளந்தான். கறையோடு பல்லின் மேல்பூச்சும் போயிற்று. பச்சைத்தண்ணீர் பட்டாலே பல் கூசித் துள்ளினான்.

"எப்படி வே இருக்கு?" என்று என்னிடம் இளித்தான்.

"வெள்ளையடிச்ச கக்கூஸ் மாதிரி இருக்கு வே."

அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

பெண் பார்க்கத் துணைக்கு என்னையும் இழுத்துப் போனான். அங்கே ஓயாமல் பல்லைக் காட்டினான். "அப்பா தவறி எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டதற்கும் காட்டினான். அப்படியும் உள்ளேயிருந்து பெண்ணுக்குச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் தாய்மாமன் அம்மையப்பன் தாம்பூலத் தட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. வாயில் போடுவதும் போடாததும் அவரவர் இஷ்டம். எங்கள் ஆட்களில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இவன் தட்டைக் கையால் தள்ளினான். "எனக்கு வெத்தலப் பழக்கமே கிடையாது, அண்ணாச்சி."

"சும்மா வாங்கிக் கையில வையும் வே," என்று தொடையில் கிள்ளினேன்.

"நீரு பேசாம இரும் வே!"

அம்மையப்பன் முகம் கறுத்தது. "பிடிக்கலைன்னா வாயால சொல்லணும். இப்படியா தட்டைத் தள்ளுதது?"

"ஐயோ, பிடிச்சிருக்கு! வெத்தலதான்..."

கதவுக்குப் பின்னாலிருந்து பிரம்மநாயகி பேசினாள். "மாமா, தீவாளிக்கு இவர்கிட்டதான் சேல எடுத்தேன். வாய் நெறைய வெத்தலயக் குதப்பிக்கிட்டுத்தான் வெல சொன்னாரு. அந்தப் பல்லு தெரிஞ்சுதான் சரின்னேன். இந்தப் பொய்க்குச் சரி சொல்லல. தட்டை உள்ள கொண்டாங்க."

தட்டு உள்ளே போயிற்று. நாங்கள் வெளியே வந்தோம். தெருமுனை தாண்டியதும் அந்த மடையன் கேட்கிறான், "ஆனா பல்லு நல்லாத்தான இருந்துது வே?"

இன்றைக்கும் தானே பொங்கித் தானே தின்கிறான். அதையும் சூடாகத் தின்ன முடியாது.