முறிகண்டியில் அரை மணி நேரம்

என் கார் சத்தம் போடாது. ஒட்டுசுட்டானிலிருந்து விடியற்காலை கிளம்பினால் சக்கரத்தடியில் கல் நெரிவது மட்டும் கேட்கும். பனிக்குள் வயல் மிதக்கும்; அதற்கு மேலே நாங்கள் மிதப்போம். மயில்கள் ரோட்டை விட்டு விலகாது. கிட்டப் போய் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "அம்மா, வழி விடுங்கோ, வேலைக்குப் பிந்துது" என்று சொன்னால்தான் ஆடி அசைந்து நகரும்.

ஆட்கள் சொல்வதைச் சேர்த்து வைப்பது எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்த வியாதி. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடச் சந்தியில் காது கொடுத்துப் படித்ததுதான் கூட. வவுனியாவில் இந்தப் பழைய மின்சாரக் காரை வாங்கிவந்த கிழமையே எங்கள் ஊர்ச் சந்திக் கடைக்காரர் அதற்குப் "பூனைக் கார்" என்று பெயர் வைத்துவிட்டார். பூசை செய்ய வந்த ஐயர் நாலு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் வைத்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்கோ பிள்ளை" என்று காரின் முன்னாலேயே காத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, அது எப்பவோ ஸ்டார்ட்" என்றேன்.

"அதை முதல்லயே சொல்லக்கூடாதோ!" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்.

பக்கத்து வளவில் இருப்பவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இருவருக்கும் கிளிநொச்சியில் ஒரே தையல் நிலையத்தில் வேலை. அவளுக்கு டீசல் மணம் ஆகாது. பஸ்ஸில் போன காலத்தில் மாங்குளம் தாண்டுவதற்குள் சத்தி எடுத்துவிடுவாள். மெஷினில் வந்து குந்தினால் ஊசியில் நூல் கோக்கவே பத்துத் தரம் பார்ப்பாள். அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. இருந்தும் வேலையை விடுகிற நிலைக்கு வந்திருந்தாள். அந்த நேரத்தில்தான் மணமில்லாத கார் வந்தது. அவள் வேலையில் தங்கினாள்.

ஆனால் பற்றரிக்கும் வயது போகும்தானே. போக வரத் தாராளமாகப் போதுமாயிருந்த சார்ஜ், மெல்ல மெல்ல வீட்டு வாசலில் மட்டுமட்டாக முடியத் தொடங்கியது. வேலையிடத்தில் காரை விடுவது மரத்தடியில். அங்கே வயர் எட்டாது.

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில், அந்த ரோட்டால் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று கும்பிட்டுத்தான் போகும். லொறியும் நிற்கும், பஸ்ஸும் நிற்கும். இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு ஏறுவார்கள். நாங்களும் அப்படித்தான், ஒரு பின்னேரத்தைத் தவிர. அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. பற்றரியில் மூன்று கோடுதான் மிச்சம். நிறுத்தி எடுத்தால் சார்ஜைக் கூடுதலாகத் தின்னும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து, நிற்காமல் விட்டேன்.

"அக்கா, பிள்ளையாரிட்ட நிக்காமலோ?"

"உள்ளுக்கிருந்து கும்பிடு. அவருக்குத் தெரியும்."

அவள் தலையில் குட்டிக்கொண்டாள். என் பங்குக்கும் சேர்த்துக் குட்டினாள் போல, அவ்வளவு குட்டு.

மழைக்கு வைப்பர், லைட், கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க ஏசி. எல்லாம் சேர்ந்து குடித்தன. ஒட்டுசுட்டானுக்கு இரண்டு மைல் இருக்கையில், யானை கடக்கிற காட்டோரத்தில் கார் நின்றது. நின்றதும் சத்தமில்லாமல்தான். மரங்கள் நகரவில்லை என்பது எங்களுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

உழவு மெஷினில் வந்த ஒருவர் கயிறு கட்டினார். "கரண்ட் போனா வீட்டில மெழுகுதிரி கொளுத்தலாம். இதுக்கு என்னத்தை அக்கா கொளுத்திறது?" என்று சிரித்தபடி இழுத்துப் போனார். அந்த மெஷினின் புகை முழுக்க எங்கள் முகத்தில். வாசலில் இறங்கியதும் தங்கச்சி வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள்.

வாயைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள். "கோவிக்காதேங்கோ அக்கா. இனி இது கிளிநொச்சி போய் வராது. திரும்பப் பஸ்ஸில போக என்னால ஏலாது. இந்த மாதத்தோட வேலையை விடப்போறன்."

நான் டிக்கியிலிருந்து சார்ஜ் வயரை எடுத்து வீட்டுப் பிளக்கில் செருகினேன். 

அடுத்த நாள் பின்னேரம் முறிகண்டியில் நின்று, தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டேன். கச்சான் விற்கிற அம்மாவுக்கு முழுக் கதையையும் சொன்னேன். அவா கச்சானுக்குக் கடதாசிச் சுருள் சுற்றிக்கொண்டே கேட்டா.

"பிள்ளையாருக்குத் தேங்காய், பஸ்காரருக்குத் தேத்தண்ணி, உனக்குக் கச்சான். உன்ர வாகனம் மட்டும் பட்டினியோ?"

"அதுக்கு என்னம்மா செய்யிறது?"

"எனக்கென்ன தெரியும்? அது என்ன தின்னும்?"

"கரண்ட்."

"அதுதானே இங்க கிடக்கு!" என்று தன் கடையில் பல்பு எரிகிற பிளக்கைக் காட்டினா.

சார்ஜ் வயர் எப்போதும் டிக்கியில்தான் கிடந்தது. வழியில் எந்த வீட்டிலும் தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கிறேன். கரண்ட் கேட்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. செருகினேன். காரின் முன்னால் நீல வெளிச்சம் கண் சிமிட்டியது. நாங்கள் கடை முன்னால் நீட்டு வாங்கில் குந்தியிருந்து கச்சான் உடைத்தோம். கற்பூரப் புகை ரோட்டைக் கடந்து மரங்களுக்குள் போனது. வந்த வாகனங்கள் எல்லாம் நின்று நின்று போயின. அரை மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அன்றைக்குத் தங்கச்சி மாங்குளத்துக்கு முன்னமே கண்ணாடியில் தலை சாய்த்து நித்திரையாகிவிட்டாள். மடியில் கச்சான் கோது. காடு இரண்டு பக்கமும் மெல்லப் பின்னால் வழுகியது. அவள் எழும்பிவிடக்கூடாதென்று மயில்களிடம்கூட நான் கண்ணாலேதான் கெஞ்சினேன். யானை கடக்கிற இடமும் போனது.

வாசலில் நிறுத்தியபோது கண் முழித்தாள்.

"வந்திட்டமோ? எத்தினை கோடு மிச்சம்?"

"ஒண்டு."

சீலையில் ஒட்டிய கோதைத் தட்டிக்கொண்டு இறங்கினாள். படலையைத் திறந்துகொண்டே திரும்பாமல் சொன்னாள். "அப்ப நாளைக்கு ஆறு மணிக்கு வாறன் அக்கா."