தோளில் ஒன்றரை இஞ்ச்

ஸும்ராவைப் பற்றி மதுரங்குளியில் இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாதி பொய், மீதி கண் காது வைத்தது. உண்மையில் என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அந்த மூன்று பேரில் வாய் நீளமானவன் நான். மற்ற இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஸும்ரா என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். "எழுதுங்க நானா, ஆனா என்னைப் பெரிய ஆளாக்கிப் போடாதீங்க" என்றாள். சரி, ஆக்கவில்லை.

என் பெயர் ஸஜீத். சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உடைந்த கண்ணாடி மாற்றுவது தொழில், புட்போல் பைத்தியம். பதினோரு வருடத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்து ரசிகர்கள் சண்டை பிடிக்க ஓர் இடம் இருக்கட்டும் என்று 'கோல்வாசல்' என்று ஓர் இணையதளம் தொடங்கினேன். யாரும் எந்தப் பெயரிலும் எழுதலாம். கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை எழுதினார்கள், கட்டாரில் இருப்பவர்களும் எழுதினார்கள். முதல் வருடம் அவர்கள் ஒருவரையொருவர் பேசிய பேச்சில் எனக்கே காது கூசிப்போனது. அதனால் ஒரு சட்டம் போட்டேன். எழுதும் பெயர் எதுவானாலும், சேரும்போது போன் நம்பர் தர வேண்டும். அது என்னோடு மட்டும் இருக்கும். எவ்வளவு பெரிய மடையன் நான் என்பது பிறகுதான் விளங்கியது.

எழுதியவர்களில் ஒருவர் பெயர் 'மூலைக்கொடி'. மற்றவர்கள் "என்ன கோல் மச்சான்!" என்று துள்ளிக்கொண்டிருக்கும்போது மூலைக்கொடி இப்படி எழுதும்: "எல்லாரும் பந்தைப் பார்த்தீர்கள். அந்த நேரம் இடது பக்கத்துத் தடுப்பாளர் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கோல் அந்தக் கயிற்றில்தான் விழுந்தது." மெட்ச் முடிந்தால் ஆட்கள் வீட்டுக்குப் போகுமுன் போனைத்தான் திறப்பார்கள், மூலைக்கொடி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க. யார் இந்த ஆள் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற ரெஃப்ரி என்றார்கள். உடப்பில் ஒரு வாத்தியார் என்றார்கள். ஒருவன் என்னையே சந்தேகப்பட்டான். எனக்கு அவ்வளவு மூளை இருந்தால் நான் ஏன் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்?

நம்பர் என்னோடு இருந்தும் நான் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. எனக்கு ஆள் யாரென்று தெரிய வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பின் தெருவில் தையல் செய்யும் ஸும்ரா கடைக்கு வந்தாள்.

"நானா, கோல்வாசலுக்குள்ள போக ஏலாம இருக்கு. பாஸ்வேர்ட் மறந்திட்டன்."

"எந்தப் பேர்ல இருக்கிறீங்க?"

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாள், "மூலைக்கொடி."

நான் கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன். "நீங்களா?"

"ஏன், பொம்புளைக்குக் கண் இல்லையா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தருக்கும் சொல்லாதீங்க நானா. வெளிய தெரிஞ்சா அந்த நாளோட எழுதுறத விட்டிருவன். எனக்கு இருக்கிறது இது ஒண்டுதான்."

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது எருக்கலம்பிட்டியிலிருந்து உம்மாவின் இடுப்பில் வந்து இறங்கியவள், எங்கள் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்தவள். புருஷன் ஹுனைஸ் கட்டாரில் சாரதி. வீட்டின் கீழ்த்தட்டில் மாமியார், மேல்தட்டில் மெஷின். அந்த மெஷினுக்கு நேரே ஒரு யன்னல், யன்னலுக்குக் கீழே மைதானத்தின் மூலைக்கொடி. பேர் அங்கிருந்து வந்ததுதான். பெண்கள் மைதானத்துக்குப் போகக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் போவதில்லை. இவள் காலால் மிதித்துக்கொண்டு யன்னல் சட்டத்தின் இடுக்கால் பார்ப்பாள். கோல் விழும்போது மெஷின் தானாக நின்றுவிடும். "என்ன, ஊசி உடைஞ்சிட்டா?" என்று மாமியார் கீழேயிருந்து கேட்பார். "ஓம் மாமி" என்பாள். ஒரு சீசனில் அவள் உடைத்த ஊசிகளுக்குக் கணக்கே இல்லை.

அவள் தைப்பதும் ஜேர்சிதான். ஆறு புட்போல் கழகங்களுக்குத் தைத்தாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பெண் தையல்காரி ஆண்பிள்ளையின் உடம்பில் நாடா வைக்க மாட்டாள். உம்மாவோ தங்கச்சியோ அவனுடைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதற்கு அளவுச்சட்டை என்று பெயர். அதை மேசையில் விரித்து அளந்து, கொப்பியில் எழுதி, மடித்துத் திருப்பிக் கொடுப்பாள். பன்னிரண்டு வருடமாக ஊர்ப் பெடியன்களை அவள் சட்டை வழியாகத்தான் அறிவாள்.

இனி உசனார் ஹாஜியாருக்கு வருவோம். எங்கள் ஊர்க் கழகத்தின் தலைவர். நல்ல மனிதர்தான், மைதானத்துக்கு வெளியே. தங்கச்சி மகனை கோல் காப்பாளராகப் போட்டிருந்தார். "காப்பாளர் பந்து வரும்போது வலது பக்கம் பாய்கிறார், பந்து எந்தப் பக்கம் வந்தாலும்" என்று மூலைக்கொடி எழுதியது. ஊர் சிரித்தது. ஹாஜியார் என் கடைக்கு வந்துவிட்டார்.

"ஸஜீத், அந்த ஆள்ட நம்பரைத் தா."

"ஹாஜியார், அது தர ஏலாது."

"நான் உன்ட வாப்பாவோட ஒண்டாப் பள்ளிக்குப் போனவன்டா. என்னட்டயே ஏலாதெண்டுறியா? வெள்ளிக்கிழமைக்குள்ள தா. இல்லாட்டி உன்ட கடைப் பக்கம் ஒருத்தனும் வர மாட்டான்."

அவர் போனதும் கடைக் கதவைப் பாதி சாத்தினேன். பயத்தில் இல்லை, பொய் சொல்வானேன், பயத்தில்தான். என்னிடம் இருப்பதால்தானே கேட்கிறார். அன்றைக்கே உட்கார்ந்து எல்லார் நம்பரையும் அழித்தேன். சட்டத்தையும் எடுத்தேன். வெள்ளிக்கிழமை ஹாஜியார் வந்தபோது, "அழிச்சிட்டன். இப்ப என்னைத் தலைகீழாக் கட்டித் தொங்க விட்டாலும் விழ ஒண்டுமில்ல" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஸும்ராவைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாக ஒரு பிளேன்டீ குடித்தேன்.

அடுத்த வாரம் அவளே எல்லாவற்றையும் கெடுத்தாள்.

எங்கள் கழகத்தின் அரையிறுதிக்கு முன் மூலைக்கொடி எழுதியது: "முன்கள வீரர் ரிஃபாஸ் போன வருடத்து ரிஃபாஸ் இல்லை. தோளில் ஒன்றரை இஞ்ச் போய்விட்டது. ஐம்பது நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார்." நானும் படித்தேன். ஆஹா என்றுதான் நினைத்தேன், அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். கோச்சும் படித்தார். அரையிறுதியில் ரிஃபாஸை வெளியே இருத்தினார்கள். அவன் இல்லாமலே வென்றார்கள், அது இன்னும் மோசமாகப் போயிற்று. இறுதிப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. கொழும்புக் கழகமொன்று அதற்கு ஆள் பார்க்க வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் பகல் லுஹர் தொழுதுவிட்டு ரிஃபாஸ் என் கடைக்கு வந்தான். உப்பளத்தில் வேலை செய்யும் இருபத்து மூன்று வயதுப் பெடியன்.

"நானா, மூலைக்கொடி ஆரெண்டு எனக்குத் தெரியும்."

"எனக்கே தெரியாது. லிஸ்ட்டை அழிச்சிட்டன்" என்று சிரித்தேன்.

"மெட்ச் பாக்கிறவன் மெலிஞ்சிட்டான் எண்டு எழுதுவான். ஒன்றரை இஞ்ச் எண்டு எழுதுவானா? எங்கட உம்மா அளவுச்சட்டை குடுத்தது ஒரே ஒரு ஆளுட்டத்தான்."

நான் நம்பரை அழித்தென்ன, இவள் இஞ்சோடு எழுதிப் போட்டிருக்கிறாளே!

அவன் மெதுவாகச் சொன்னான். நோன்புப் பெருநாளைக்குப் பிறகு அவனுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்திருக்கிறான். கழகத்துக்குத் தெரிந்தால் எடுக்க மாட்டார்கள் என்று, எத்தாளையில் மாமா வீட்டில் நிற்பதாகப் பொய் சொல்லியிருக்கிறான். பழைய சட்டை தொளதொளத்ததால் உம்மா புதிதாக ஒன்று வாங்கி, அதைத்தான் அளவுக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது காய்ச்சல் போய் நன்றாக ஓடுகிறான். யார் நம்புகிறார்கள்?

"ஹாஜியாருக்குச் சொல்லப் போறியா?" என்று கேட்டேன்.

"சொன்னா நாளைக்கே என்னை டீம்ல போடுவார்" என்றான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சொல்ல மாட்டன் நானா. ஆனா அவங்களுட்ட ஒண்டு கேளுங்க. ஊருக்கு விரிச்சுக் காட்டவா அந்தச் சட்டையக் குடுத்தம்?"

காற்சட்டை தைக்கும் சாட்டில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் ஸும்ராவிடம் சொன்னேன். முதலில் முகம் வெளுத்தது. தன் பெயர் வெளியே வந்துவிட்ட பயம் என்றுதான் நினைத்தேன். இல்லை. கொப்பியை எடுத்து ரிஃபாஸின் பக்கத்தை விரித்து, அந்த எண்ணைப் பார்த்து அழுதாள்.

"காய்ச்சலா? நான் தடிச்ச சொல் எழுதினவளில்லை நானா. தெரிஞ்சதெல்லாம் எழுதினா கெட்டித்தனம் எண்டு நினைச்சிட்டன். அநியாயம் செஞ்சிட்டன்."

"பிழையா எழுதிட்டன் எண்டு ஒரு வரி போடுங்க. முடிஞ்சிடும்" என்றேன்.

போட்டாள். முடியவில்லை. "மூலைக்கொடிக்கு ரிஃபாஸ் வீட்டில் புரியாணி போட்டுவிட்டார்கள்" என்று ஹாஜியாரின் ஆட்கள் எழுதினார்கள். முதலில் எழுதியது உண்மை, இப்போது எழுதியது பயம் என்றார் கோச். மூலைக்கொடி எழுதினால் பிழைக்காது என்று ஊரை நம்ப வைத்தவளே அவள்தானே. இறுதிப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டாள்.

"நான் அவன்ட ஓட்டத்தைப் பாத்து எழுதல்ல, சட்டையைப் பாத்து எழுதினன். அதைச் சொன்னாத்தான் நம்புவாங்க. அதைச் சொல்லுறதெண்டா நான் ஆரெண்டும் சொல்லோணும்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "விசரா உங்களுக்கு? அவன் வாயைத் திறக்க மாட்டான். நான் திறக்க மாட்டன். இந்த ஆறு கழகமும் ஜேர்சி தருமா? ஆம்பிளைகளை யன்னலால பாத்தாள் எண்டு கதை கட்டுவாங்க. எழுதவும் விட மாட்டாங்க. நீங்கதானே சொன்னீங்க இது ஒண்டுதான் இருக்கு எண்டு!"

"ஓம் நானா" என்றாள். "அதாலதான் சொல்லுறன். அவனுக்கும் ஒண்டுதானே இருக்கு."

அன்று பின்னேரம் கோல்வாசலில் வந்தது இது: "என் பெயர் ஸும்ரா. ஜேர்சி தைப்பவள். ரிஃபாஸ் ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓட மாட்டார் என்று நான் எழுதியது அவர் ஓடுவதைப் பார்த்து அல்ல. நம்பிக் கொடுத்த அளவுச்சட்டை ஒன்றை மேசையில் வைத்து அளந்துவிட்டு எழுதினேன். அது என் தொழிலுக்கும் பிழை, அந்தப் பிள்ளைக்கும் பிழை. கண்ணால் பார்த்ததைக் கேட்டால், அளந்ததற்குப் பிறகு கடைசியாக அவர் ஆடிய மெட்ச்சில் முழுநேரமும் ஓடினார். இனி நான் எழுதவில்லை." காய்ச்சலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது அவனுடையது.

ஊர் தீப்பிடித்தது. வந்த கெட்ட வார்த்தைகளை அழித்து அழித்து எனக்கு விரல் நொந்தது. ஹாஜியார் ஜேர்சி வேலையைச் சிலாபத்துக்குக் கொடுத்தார், இன்னும் இரண்டு கழகங்கள் அவர் பின்னால் போயின. மாமியார் மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. கட்டாரிலிருந்து ஹுனைஸ் கூப்பிட்டபோது இவள் பயந்துகொண்டே போனைக் காதில் வைத்தாளாம். "அடியே, மூலைக்கொடி நீயா? இவ்வளவு காலமும் உனக்கா நான் லைக் போட்டன்?" என்று அவன் சத்தம் போட்டுச் சிரித்ததாகச் சொன்னாள். மச்சான் நல்லவன், எனக்கு முதலே தெரியும்.

ரிஃபாஸை இறுதிப் போட்டியில் போட்டார்கள். மேலதிக நேரமும் சேர்த்து நூற்றிருபது நிமிடம் ஓடினான். பெனல்ட்டியில் தோற்றோம், காப்பாளர் ஐந்து தடவையும் வலது பக்கம் பாய்ந்தார். கொழும்புக்காரர் ரிஃபாஸின் நம்பரை வாங்கிப் போனார்கள். இன்னும் கூப்பிடவில்லை. மேல் யன்னல் அன்றைக்கு முழுதாகத் திறந்து கிடந்ததை மைதானத்தில் நின்ற எல்லாரும் கண்டோம்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவள் ஒரு வரி எழுதவில்லை. கோல்வாசலில் சண்டை இருந்தது, சுவை இல்லை. நான் கேட்டுப் பார்த்தேன். "சொன்னது சொன்னதுதான் நானா" என்றாள்.

ஆறாவது வாரம் அவளுடைய போனுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுக்கப் போயிருந்தேன். கீழே மாமியாருக்கு ஸலாம் சொல்லிவிட்டு மேலே ஏறினால், ரிஃபாஸின் உம்மா றைஸா ராத்தா உறை ஒன்றோடு நிற்கிறார். ஸும்ரா எழும்பி நின்றாள். ராத்தா உறையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"அளந்து பாருங்க புள்ள."

ஸும்ரா நாடாவை எடுத்தாள். தோளை அளந்தாள். நம்பாமல் இன்னொரு தரம் அளந்தாள்.

"ரெண்டு இஞ்ச் கூடியிருக்கு ராத்தா. காய்ச்சலுக்கு முந்தினதை விடக் கூட." கொப்பியில் குறித்துவிட்டு உடனே மூடினாள். "வல்லாஹி, இது இந்தக் கொப்பியை விட்டு வெளிய போகாது."

"போகட்டும்" என்றார் ராத்தா. "எழுதச் சொல்லித்தான் மகன் தந்து விட்டவன்."

ஸும்ரா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த போனை நீட்டினேன். வாங்கிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள், தலையைக் குனிந்தபடி. மெஷின் ஓடவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "என்ன, ஊசி உடைஞ்சிட்டா?"

"இல்ல மாமி" என்றாள் ஸும்ரா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "எழுதுறன்."