ஊசிக்கு ஒரு ஹனோய் கதை

ஐம்பதைத் தாண்டிய நான், சர்க்கரைச் சோதனைக்கு ரத்தம் எடுக்கப் போய், ஊசியைக் கண்டு இரண்டு முறை ஓடி வந்திருக்கிறேன். மூன்றாம் முறை தப்ப முடியவில்லை. லண்டனில் மருத்துவம் படிக்கும் அக்கா மகள், டாக்டர் பின்னாலேயே நின்று வேலை பார்த்துப் பழக மலேசியாவில் எங்கள் கோலா சிலாங்கூர் மருத்துவமனைக்கு வந்திருந்தாள். நோயாளியைத் தொட அவளுக்கு அனுமதியில்லை. பேசலாம்.

“மாமா, ஊசியப் பாக்காதீங்க, என்னப் பாருங்க.”

வாரக்கடைசியில் ஹனோய்க்குப் போனவள், மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் தெருவைக் கடக்கத் தெரியாமல் விழித்ததையும், கடைசியில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நுழைந்து கடந்ததையும் நடித்தே காட்டினாள். நான் ஒரே ஒருமுறைதான் கத்தினேன். அதற்குள் ரத்தம் எடுத்தாகிவிட்டது.

தொடாமலேயே இப்படிக் கைராசி என்று பக்கத்துக் கிராமம் கம்போங் குவாந்தான் வரை சொல்லித் திரிந்தேன். அவளிடமும் சொன்னேன்.

“பிள்ளைங்க வார்டுல சொல்ற கதைதான் மாமா அது. அங்க யாரும் கத்தல லா.”