ஏழு பெரேராக்களும் ஒரு சொம்புத் தண்ணீரும்

1. மூன்று கிராம்

"அக்கா, ஒங்க மலையில எம் பேர்ல ஒரு புள்ள இருக்கு. அத இன்னைக்கே கீழ கூட்டிட்டு வந்துருங்க."

போனில் பேசியது மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்த பெரேரா மேடம். தூத்துக்குடிக்காரர். முதல் நாள் மலையில் நடந்த மருத்துவ முகாமில் எடுத்த ரத்த சாம்பிள்களை அன்று காலையில்தான் பார்த்திருக்கிறார். சீட்டில் பெரேரா, ஆண், இரண்டு வயது என்று இருந்ததாம். ஹீமோகுளோபின் மூன்று கிராம். மெஷின் மேல் சந்தேகப்பட்டு இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்திருக்கிறார், அதே மூன்று. அந்த வயதுப் பிள்ளைக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் ரத்தம் ஏற்றாவிட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் கிராம சுகாதார செவிலியராக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்துப் போன வருஷம் ரிட்டையர் ஆனவள். ஊர் கலசப்பாக்கம் பக்கம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் சிலர், அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார்கள். தடுப்பூசி பற்றியும் பிரசவம் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இதைத்தான் எழுதப் போகிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

2. ரெஜிஸ்டர்

அந்த ஊர்கள் என் செக்டார் அல்ல. அங்கே இருந்த நர்ஸ் பிரசவ லீவில் போனதால் எனக்கு அடிஷனல் சார்ஜ் கொடுத்திருந்தார்கள். சார்ஜ் எடுத்த முதல் நாள் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். முருகன், காளி, செல்லி, வெள்ளையன் என்று போய்க்கொண்டிருந்த பேர்களுக்கு நடுவில் பெரேரா என்று ஒன்று. இரண்டு பக்கம் தள்ளி இன்னொன்று. ஆண் பிள்ளை என்றால் பெரேரா, பெண் பிள்ளை என்றால் பெரேராயி. எண்ணினால் ஏழு பேர். அறுபது வயதிலிருந்து இரண்டு வயது வரை. ஏழு பேருக்கும் தாய் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடுதான் போட்டிருந்தது. ஊர்ப் பெயரைப் பார்த்தால் பெரேரா கொல்லை, பெரேரா பாறை, பெரேரா மடுவு, பெரேரா புளியமரம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதா கோயில் மணியே கேட்காத மலையில் இது எங்கேயிருந்து முளைத்தது?

லீவில் இருந்த நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். எந்தக் காலத்திலோ சந்தன மரங்களைக் கணக்கெடுக்க ஒரு பெரேரா வந்தாராம். கூட வந்தவர்கள் எல்லாரும் விஷக்காய்ச்சலில் செத்துப்போக, அவர் மட்டும் பாறையில் உட்கார்ந்தார், மடுவில் குளித்தார், புளியமரத்தடியில் தூங்கினார், ஒரு நாள் எழுந்து நடந்தே கீழே இறங்கிப் போனாராம். சாவு அவரைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை என்று மலைக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அதிலிருந்து, ஒரு வீட்டில் இரண்டு பிள்ளை அடுத்தடுத்துத் தவறிப்போனால் மூன்றாவதுக்கு அந்தப் பேர்தான். நம்ம ஊரில் பிச்சை, குப்பை என்று வைப்பதில்லையா, அந்த மாதிரி. தாய் பேரை வைத்துச் சாவு வீட்டைக் கண்டுபிடித்துவிடும் என்று அதையும் சொல்லமாட்டார்களாம்.

இரண்டு விஷயம் அவள் தனியாகச் சொன்னாள். அந்தப் பேரை எழுதுவதோடு சரி, வாய்விட்டுச் சொல்லிப் பிள்ளையைத் தேடாதீங்க. யார் வீட்டிலாவது தண்ணீர் கொடுத்தால் மறுக்காமல் குடித்துவிடுங்க. நான் கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். எனக்கா தண்ணீர் பற்றிச் சொல்கிறாள்? காய்ச்சிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று முப்பது வருஷம் ஊர் ஊராகக் கத்தினவள் நான். என் பையில் என் பாட்டில் எப்போதும் இருக்கும். அடுத்தவர் வீட்டுச் சொம்பை நான் தொட்டதே கிடையாது.

பெரேரா மேடத்திடம் ஒரு தடவை இந்தக் கதையைச் சொன்னேன். "எங்க தெருவுல கல்லெறிஞ்சா ஒரு பெரேரா வீட்டு மேலதான் விழும்க்கா" என்று சிரித்தார். கொழும்பில் சித்தப்பா குடும்பம், மங்களூரில் சம்பந்தமே இல்லாத பெரேராக்கள், கோவாவுக்குச் சுற்றுலா போனால் கடைக்குக் கடை பெரேரா போர்டு. போர்த்துக்கீசியர் காலத்தில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வந்த பேர் என்றார். "ஆனா சாவுக்குத் தெரியாத பேருன்னு நீங்க சொல்லித்தான் கேக்கேன். எங்க கல்லறைத் தோட்டம் பூரா அந்தப் பேர்தான்" என்றார்.

3. சுற்று

போன் வந்தபோது மணி பத்து. ஆம்புலன்ஸைத் தார் ரோடு முடியும் இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, நீல யூனிஃபார்ம் சேலையும் தோளில் பையுமாக ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். மாசி மாத வெயில், மண்டையைப் பிளந்தது. மேலே போகப் போக செல்போனில் சிக்னலும் போய்விட்டது.

ரெஜிஸ்டரில் பிள்ளையின் ஊர் பெரேரா கொல்லை என்று இருந்ததால் முதலில் அங்கே போனேன். வாசலில் ஒரு பெண் ராகி காய வைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் நின்ற நிலையிலேயே, பெரேரா எங்கே, ரெண்டு வயசுப் பிள்ளை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். நேரமில்லை, வேண்டாம் என்றேன். சொம்பை வாசற்படியில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு இருந்தது. பாறைப் பக்கம் போய்ப் பாருங்கள் என்றாள்.

பெரேரா பாறையில் அறுபது வயதுப் பெரேரா இருந்தார். என்னைக் கண்டதும், "திரும்பவும் வந்துட்டீங்களா?" என்றார். நான் இப்போதுதான் வருகிறேன் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. லீவில் இருக்கும் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார் போல என்று விட்டுவிட்டேன். அவரும் தண்ணீர் கொடுத்தார், நான் மறுத்தேன், அவரும் சொம்பைப் படியில் வைத்தார். அங்கேயும் அதற்கு முன்பே ஒன்று நிறைந்திருந்தது. பிள்ளை மடுவுக்குப் போயிருக்கிறது என்றார்.

மடுவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரேராயி புளியமரத்தைக் காட்டினாள். புளியமரத்தடியில் புளி உலுக்கிக்கொண்டிருந்தவன், பிள்ளை கொல்லையில்தான் இருக்கிறது என்றான். எல்லா இடத்திலும் இதே கதைதான். நான் போவதற்கு முன்பே யாரோ தண்ணீர் வாங்காமல் போயிருக்கிறார்கள். வழியெல்லாம் புழுதியில் எனக்கு முன்னால் ஒரு செருப்புத் தடம் போய்க்கொண்டிருந்தது. என் செருப்பின் அடியில் இருக்கும் அதே கட்டம் கட்டமான அச்சு. இந்தச் செருப்பை ஊரில் யார்தான் போடவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்தத் தடத்தின் மேல் கால் படாமல் ஒதுங்கித்தான் நடந்தேன், பொய் சொல்வானேன்.

4. சொம்பு

மறுபடி பெரேரா கொல்லைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. மூன்று மணி நேரம் வட்டமாகச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்திருந்தேன். என் பாட்டில் எப்போதோ காலி. அந்தப் பெண் அதே ராகியைக் கிளறிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உங்களுக்குப் பிள்ளை வேண்டாமா, செத்துப்போனால்தான் நிம்மதியா என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணைக் கட்டியது. வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது. எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன், இரண்டை என் கையிலேயே பறிகொடுத்திருக்கிறேன். மூன்றாவதாக இதுவும் போகப் போகிறது என்று நினைத்ததும் தாங்கவில்லை.

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு சொம்பு. எனக்கென்று அவள் வைத்ததை எடுத்து, காய்ச்சியதா காய்ச்சாததா என்று யோசிக்காமல், மடமடவென்று குடித்தேன். பாதி சேலையில் சிந்தியது. சாப்பிட ஏதாவது இருந்தால் கொடும்மா என்றும் கேட்டேன்.

அவள் ராகி கிளறிக்கொண்டிருந்த கட்டையைக் கீழே போட்டாள். ஓடிப்போய் ஒரு உருண்டைக் களி கொண்டு வந்து என் கையில் வைத்து, நான் ஒரு வாய் விழுங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உள்ளே திரும்பி, பேரைச் சொல்லாமல், நாக்கை மட்டும் ஒரு தடவை சொடுக்கினாள். தானியக் குதிருக்குப் பின்னாலிருந்து பிள்ளை வந்தது. வெள்ளைக் காகிதம் மாதிரி உதடு. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. முதல் தடவை நான் வந்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

ஏன் என்னை அலையவிட்டாய் என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"காத்தால பொழுது கிளம்பசொல்லோ ஒரு நர்சம்மா வந்தாங்க. இதே பொடவ, இதே பை. ஒங்க மொகந்தான். பேரச் சொல்லி புள்ளயக் கேட்டாங்க. தண்ணி குடுத்தேன், வாணாம்னுட்டாங்க. பாறைக்கு அனுப்பிட்டேன். அப்புறம் நீங்க வந்தீங்க. நீங்களும் வாணாம்னீங்க. எது மனுசி, எது சாவுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

தண்ணீர் குடித்தால்?

"அது குடிக்காதுங்க. ஒரு வாய் குடிச்சா அந்த வூட்டு மனுசி ஆய்டும். அப்புறம் எடுத்துக்கினு போவ முடியாது."

அப்படியானால் காலையில் வந்தவள் இப்போது எங்கே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சுத்திக்கினு கீறாங்க" என்றாள்.

பிள்ளையை நான் தூக்கிக்கொண்டேன். பெற்றவள் முன்னால் வழி காட்டிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் எதிர்ச் சரிவில், பாறைக்கும் மடுவுக்கும் நடுவில், நீலமாக ஏதோ மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பாமலே, பார்க்காதீர்கள் என்றாள். நான் பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றரைக்கு ஆஸ்பத்திரி. அட்மிஷன் சீட்டு எழுதுகிறவர் பேர் கேட்டபோது தாய் வாயைத் திறக்கவில்லை. பெரேரா மேடம்தான், "எம் பேர எழுதுங்க, அதே பேர்தான்" என்று முன்னால் வந்தார். தாய் அவரையும் காலிலிருந்து தலை வரை பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மேடம் மலங்க மலங்கப் பார்த்தார். நான், குடிச்சிடுங்க மேடம், அப்புறம் சொல்கிறேன் என்றேன். குடித்தார். அன்று சாயங்காலம் ரத்தம் ஏறியது. இப்போது அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகிறான்.

5. விசாரிக்காத விஷயம்

அன்று காலையில் நம் ஆட்கள் யாராவது அந்த ஊருக்குப் போனார்களா என்று ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முகாம் டீமில் யாராவது போயிருக்கலாம், நீலச் சேலை எனக்கு மட்டுமா கொடுத்தார்கள்? ஆனால் நான் கேட்கவில்லை. யாரும் போகவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

புதிதாக வந்திருக்கும் பெண்களே, உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மலையில் பிள்ளையைப் பேர் சொல்லித் தேடாதீர்கள். வீட்டில் தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். இருக்கிறது. முப்பது வருஷம் நான் எத்தனை வீட்டு வாசலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன், அவர்கள் என்னை என்னவென்று நினைத்தார்களோ என்று யோசித்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு ஆறு மாதம் முன்பு ஹார்ட் அட்டாக் வந்தது. இப்போது வீட்டோடு இருக்கிறார். போன மாதம் ஒரு நாள் பகல் பதினொரு மணி இருக்கும், வாசலில் ஒருவர் வந்து நின்றார். தேய்த்த சட்டை, கையில் ஒரு ஃபைல். என் வீட்டுக்காரரின் முழுப் பேரையும் சொல்லி, பார்க்க வேண்டும் என்றார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். வேண்டாம்மா, நேரமில்லை என்றார். இன்னொரு தடவை நீட்டினேன். அப்போதும் வேண்டாம் என்றார்.

சொம்பைப் படியில் வைத்தேன். அவர் இங்கே இல்லையே, மலையில் பெரேரா கொல்லை என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்று வழி சொல்லி அனுப்பினேன். இன்ஷூரன்ஸ்காரராக இருந்தால் பாவம், வெயிலில் அலைந்திருப்பார். இருக்கட்டும்.

யார் வந்தது என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார். விலாசம் தப்பி வந்தவர் என்றேன்.