அன்னார் என்று ஒருவர்

"நீ பேசுற தமிழ் யாருக்கு லா புரியும்?"

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அம்மா கேட்டது இதைத்தான். லிட்டில் இந்தியாவில் அவர் பாத்திரம் கழுவும் உணவகத்தின் பின்சந்தில், நனைந்த ஏப்ரனோடு நின்றுகொண்டிருந்தார். நாடாளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை, உறுப்பினர்கள் ஆங்கிலத்தில் பேசப் பேச நான் தமிழில் சொல்ல வேண்டும் என்று விளக்கியிருந்தேன்.

"அங்க உள்ளவங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும். இங்கிலீஷ் தெரியாத எங்கள மாதிரி ஆளுங்க அங்க வரமாட்டோம். அப்புறம் யாருக்குச் சொல்லப் போறே?"

நான் சிரித்துவிட்டு, வாங்கி வந்திருந்த இனிப்பை அவர் வாயில் ஊட்டினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா கப்பல் பட்டறையில் துரு சுரண்டியவர். கையெழுத்துப் போட மட்டும் பழகியிருந்தார். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எம்ஆர்டி ரயிலில் வழித்தடக் கோட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவார். பச்சைக் கோட்டில் உட்கார்ந்தால் எங்கள் வீடு இருக்கும் பூன் லே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்த வீட்டிலிருந்து போய்த் தமிழில் பட்டம் வாங்கினேன். எனக்கு அதில் பெருமை உண்டு. அடக்கமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ள எனக்கு வராது.

மன்றத்தில் எங்கள் இடம் ஒரு கண்ணாடி அறை. மேலே, பார்வையாளர் மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து கீழே உறுப்பினர்களும் பக்கவாட்டில் பார்வையாளர்களும் தெரிவார்கள். தமிழில் கேட்க விரும்புபவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அதில் தமிழுக்குரிய எண்ணுக்குத் திருப்ப வேண்டும். எத்தனை பேர் திருப்பியிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பல நாள் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடியைப் பார்த்துப் பேசிவிட்டுத் தொண்டை வறண்டு வெளியே வருவோம்.

என்னோடு அந்த அறையில் உட்காருபவர் மூத்த மொழிபெயர்ப்பாளர். முன்பு வானொலியில் செய்தி வாசித்தவர். நான் தகுதிகாண் பருவத்தில் இருந்ததால் என் வேலையைப் பற்றி அவர்தான் அறிக்கை தர வேண்டும். புதிய உறுப்பினர்கள் பதவியேற்கும் நாளிலேயே, இறந்துபோன முன்னாள் உறுப்பினர்கள் மூவருக்கு இரங்கல் உரைகளும் இருந்தன. மற்றப் பேச்சுகளை அப்போதைக்கு அப்போது மொழிபெயர்ப்போம். இரங்கல் உரை மட்டும் முன்கூட்டியே கைக்கு வரும். இறந்தவர் விஷயத்தில் நாக்குப் பிசகக் கூடாது என்பதற்காக. நான் தமிழில் எழுதிக் கொடுத்ததை அவர் பேனாவோடு படித்தார்.

"'அவர்'னு போட்டிருக்கியே மா. கோப்பிக் கடையில உக்காந்து டீ குடிக்கிறவரும் அவர்தான். இறந்தவருக்கு ஒரு மரியாதை வேணாமா? 'அன்னார்'னு போடு."

"பேப்பர்ல வர்ற மரண அறிவிப்பு மாதிரி இருக்காதா சார்?"

"முறை மா அது. இத்தனை வருஷமா இந்த மன்றத்துல இறந்தவங்க எல்லாருமே அன்னார்தான். நாளைக்கு நான் போனாலும் அன்னார்தான். நீதான் வாசிக்கணும், ஞாபகம் வச்சுக்க."

இருவரும் சிரித்தோம். எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். பேச்சில் யாரும் சொல்லாத சொல். மேற்சொன்ன அந்த மதிப்புக்குரியவர் என்று பொருள். இரங்கல் செய்தியில் மட்டும் வெளியே வந்துவிட்டு மறுபடி அகராதிக்குள் போய்விடும். அப்பா இறந்தபோது நாளிதழில் போட்ட அறிவிப்பை நான்தான் எழுதினேன். அதிலும் 'அன்னாரின் இறுதிச் சடங்கு' என்றுதான் எழுதினேன்.

பதவியேற்பு நாளன்று காலையிலிருந்தே மழை. புதிய உறுப்பினர்களின் குடும்பங்கள் நனைந்த குடைகளோடும் பட்டுப் புடவைகளோடும் மாடத்தை நிறைத்திருந்தன. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து போய் உறுதிமொழி எடுத்தார்கள். மேலே ஒரு குழந்தை "அப்பா!" என்று கத்த, சபையை நடத்தும் நாயகரே புன்னகைத்தார். உறுதிமொழி முடிந்ததும் மாடத்தில் பாதிப் பேர் படம் எடுத்துக்கொள்ளக் கிளம்பிவிட்டார்கள். இறந்தவர்களின் பெயரைச் சொல்ல நாயகர் எழுந்தபோது மேலே மிச்சம் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மூதாட்டி. வெளிர் நிறப் புடவை. பக்கத்தில் இந்தோனேசியப் பணிப்பெண்.

மூத்தவர் என் தோளைத் தொட்டுக் காட்டினார். "அந்த ரெண்டாவது ஆளோட சம்சாரம். கல்யாணம் கட்டி ஊர்லேருந்து வந்தவங்க. இங்கிலீஷ் சுத்தமாத் தெரியாது. பிள்ளைங்க வெளிநாட்டுல. இன்னிக்கு உன்னை நம்பி ஒருத்தங்க வந்திருக்காங்க மா. பாத்து வாசி."

அம்மாவின் கேள்விக்கு இதோ பதில் என்று நினைத்துக்கொண்டேன். தன் கணவரைப் பற்றி இந்த மன்றம் என்ன சொல்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள என் குரலை விட்டால் வேறு வழி இல்லை.

முதல் உரை முடிந்து இரண்டாவது தொடங்கியது. பெயரையும் தொகுதியையும் சொன்னேன். அந்த நேரம் பணிப்பெண் மூதாட்டியின் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டிருந்தது தெரிந்தது. கொண்டையில் சிக்கிக் கழன்றிருக்கிறது போல. மாட்டிவிட்டதும் மூதாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் தொடர்ந்தேன். அன்னார் தொழிற்சங்கத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர். தொகுதியில் எந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இறந்தவரைக் கிடத்தியிருந்தாலும் அன்னார் விடியும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருப்பார். வெள்ளம் வந்த ஒரு நாள் அன்னார் நனைந்த காலணியோடு மன்றத்துக்கு வந்து, காலடித் தடம் கம்பளத்தில் பதிய நடந்து போனார். மூதாட்டி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒருமுறை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

"இங்கு வந்திருக்கும் அன்னாரின் துணைவியாருக்கு மன்றத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றபோது கீழே உறுப்பினர்கள் எல்லோரும், பழையவர்களும் புதியவர்களும், தலையை நிமிர்த்தி மாடத்தைப் பார்த்தார்கள். மூதாட்டி அவர்களைப் பார்க்கவில்லை. உடம்பைத் திருப்பி, தனக்குப் பின்னால் இருந்த காலி இருக்கைகளைப் பார்த்தார். தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது உரைக்குப் பிறகு மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மௌனத்திலும் நாங்கள் மைக்கை அணைப்பதில்லை. அணைத்தால், கேட்பவர் கருவி கெட்டுவிட்டது என்று பதறுவார். திறந்த மைக்கின் முன்னால் மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு நின்றேன். பிறகு மன்றம் அடுத்த அலுவலுக்குப் போனது. ஏதோ ஒரு மசோதா. மூதாட்டி காதுக் கருவியைக் கழற்றவே இல்லை. என் தமிழை விட மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இடைவேளை விட்டதும், மாடத்துக்கு வெளியே நடைகூடத்துக்கு வந்த அவரைப் பார்க்க நானே ஓடினேன்.

"நீதானா மா காதுல பேசுன பொண்ணு?"

"ஆமாங்கம்மா."

"டிவில பேசுற மாதிரி இருந்துச்சு. எல்லாரும் நின்னப்போ நீ மூச்சு விடுறதுகூடக் கேட்டுச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரைப் பத்தி எப்ப மா பேசுவாங்க? நேரமாச்சுன்னு இந்தப் பிள்ளை சொல்லுது."

எனக்குப் புரியவில்லை. "பேசியாச்சுங்களே மா. ரெண்டாவதா."

"ரெண்டாவதா அன்னார்னு ஒருத்தரைப் பத்தில்ல சொன்னே? மத்தவங்க பேச்சுலயும் அவர் பேரு வந்துச்சு. பாவம், நல்ல மனுசன் போல. சாவு வீட்டுல விடிய விடிய உக்காந்திருப்பாராமே. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். ஈரச் சப்பாத்தோட இங்க வந்து திட்டு வாங்கியிருக்காரு. அந்தக் காலத்துல எல்லாரும் ஒரே மாதிரிதான் இருந்திருக்காங்க." பிறகு குரலைத் தணித்தார். "அந்த அன்னாரோட சம்சாரம் வந்திருக்காங்கன்னு சொன்னியே. ஒரு வார்த்தை பேசலாம்னு திரும்பிப் பாத்தேன். யாரையும் காணோம்."

அவர் கையை விடாமல் நின்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அன்னார்னு யாரும் இல்லீங்கம்மா. அது... மரியாதையா சொல்ற வார்த்தை. உங்க வீட்டுக்காரரைத்தான் சொன்னேன்."



"அப்ப எல்லாரும் மேல பாத்தாங்களே?"

"உங்களைத்தாங்கம்மா."

"ஐயோ. நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கணுமே. முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தேனே." நாற்காலியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "மரியாதை தெரியாதவள்னு நினைச்சிருப்பாங்க. அவரைத்தான் சொல்லுவாங்க, பொண்டாட்டிய எப்படி வச்சிருக்காரு பாருன்னு."

"அப்படியெல்லாம் யாரும்..."

"சரி விடு மா. எனக்குத்தான் காது மந்தம்."

காது மந்தம் இல்லை. நான் மூச்சு விட்டதைக்கூடக் கேட்ட காது அது. பெயரைச் சொன்னபோது மட்டும் கருவி கழன்றிருந்தது; அதன்பிறகு நான் சொன்னதெல்லாம் அன்னார்தான். அதைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. பணிப்பெண் நாற்காலியைத் திருப்பினார். மூதாட்டி தெம்பனிஸ் வட்டாரத்தில் இருக்கும் தன் புளோக்கின் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சொல்லி, "ஒரு நாளைக்கு வீட்டுக்கு வந்து சொல்லு, மறுபடி கேக்குறேன்" என்றார். வீட்டுக்கு வா என்று எல்லோரும் சொல்வதுதான். யாரும் போவதில்லை.

அறைக்குத் திரும்பி மூத்தவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதிவு இருக்கும் மா. பிள்ளைங்க போட்டுக் காட்டுவாங்க."

"அதுலயும் அன்னார்தான் சார் இருப்பாரு. நான் அவங்க வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

"அதுக்காக முறையை மாத்த முடியுமா? மன்றத்துல சொல்றதுதான் மொழிபெயர்ப்பு. வெளிய போய்ச் சொன்னா அது உன் சொந்தப் பேச்சு. யாராச்சும் கேட்டா நான் உனக்காக நிக்க முடியாது, சொல்லிட்டேன்."

"அப்ப சொந்தமாவே பேசிட்டு வர்றேன் சார்."

அவர் மைக்கை என் பக்கம் நகர்த்தினார்; அடுத்த பேச்சு தொடங்கிவிட்டது.

வீட்டில், அம்மா கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னேன். சோப்பு நீரில் ஊறி அவர் விரல் நுனிகள் வெடித்திருக்கும். அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்கப்பா சாவுல பேப்பர்ல போட்டியே, நீ வாசிச்சுக் காட்டுனப்போ அதுலயும் அந்தப் பேரு வந்துச்சு."

"எந்தப் பேரு?"

"அன்னார்தான். அப்பாகூடப் பட்டறையில வேலை பாத்த ஆளு போல, முன்னால நின்னு காரியம் எல்லாம் செய்யறாரு போலன்னு நினைச்சேன். சாவுக்கு வந்தவங்கள்ல எவரு அந்த அன்னாருன்னு ஒவ்வொரு முகமாப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே மா?"

"படிச்ச புள்ள எழுதியிருக்கு. நான் என்னத்தக் கேக்குறது?"

சொல்லிவிட்டு எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தார். அப்பாவைக் கிடத்தியிருந்த கீழ்த்தளத்தில், பெட்டியைப் பார்க்காமல் வருகிறவர் முகங்களை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தது எனக்கு நினைவிருந்தது. யாரையோ எதிர்பார்க்கிறார், ஊரிலிருந்து மாமா வருவார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

அந்த இரங்கல் உரையை ஆங்கிலத்திலிருந்து மறுபடி மொழிபெயர்க்கத் தொடங்கினேன். மன்றப் பேச்சுகள் எல்லோரும் படிக்கக் கிடைப்பவைதான். ஆனால் தமிழ் வர மறுத்தது. மன்றத் தமிழிலேயே ஊறிப்போனவளாய், பேச்சுத் தமிழில் ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுக்கி விழுந்தேன். எழுதியதை அடுப்படியில் நின்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "இப்ப யாரைப் பத்திப் பேசுறேன், சொல்லுங்க" என்று நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "அந்தம்மா வீட்டுக்காரர்தானே, அதுக்கு ஏன் லா பரீட்சை வைக்கிறே?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூன் லேயில் பச்சைக் கோட்டில் ஏறித் தீவின் அந்த முனைக்குப் போனேன். தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. அறிக்கையில் என்ன வரும் என்று தெரியாது. தெம்பனிஸில் அவர் சொன்ன புளோக்கின் கீழ்த்தளத்தில் வேறு யாரோ ஒருவரின் சாவுக்காக வெள்ளைத் திரை கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு மின்தூக்கிக்குப் போனேன்.

பணிப்பெண் இரும்புக் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மூதாட்டி மன்றத்துக்கு வந்தபோது கட்டியிருந்த அதே வெளிர் நிறப் புடவையில், கொண்டையை இறுக்க முடிந்து, நாற்காலியில் தயாராக இருந்தார். வருவதாக முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். சுவரில் மாலையோடு அவர் கணவரின் படம்.

"எல்லாரும் மேல பாத்தாங்களே, அது எந்த இடத்துல வரும்? அதை மட்டும் முன்னாடியே சொல்லிடு மா. இந்தத் தடவை கும்பிட்டுடணும்."

"சொல்றேங்கம்மா."

அவர் இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார். நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "உங்க வீட்டுக்காரர் சங்கத்துலேருந்து வந்தவரு" என்று தொடங்கினேன்.